குறி தப்பாதிருந்தால் போதுமா?

கிருஷ்ணகிரி நகரின் தலைமாட்டில் ஒரே பாறையாய் நிமிர்ந்து நிற்கும் மலையை ஊரார் சையத் பாஷா மலை என்று அழைக்கின்றனர். விஜயநகர மன்னர் காலத்தில் எழுந்ததாகச் சொல்லப்படும் கோட்டை ஒன்று அதன்மேல் இருக்கிறது. பின்னாளில் ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் அக்கோட்டையை ஆண்டனர். இன்று அங்கே எஞ்சியிருப்பவை மதில்களும், சுனைகளும், இறைநேசரின் நினைவும், ஓயாது வீசும் காற்றுமே.

சென்ற குளிர்காலத்தில் ஒரு பிற்பகல், ஓசூர்த் தொழிற்பேட்டையில் பணிபுரியும் இளைஞர் ஒருவருடன் அம்மலையில் ஏறினோம். அவர் நம் நண்பரின் மகன். இரும்பை மயிரிழையும் பிசகாமல் கடைந்தெடுக்கும் கைத்திறன் உடையவர். மதிலோரம் அமர்ந்து இளைப்பாறுகையில், தம் கைப்பேசியில் ஒரு காட்சியை நமக்குக் காட்டினார். மேலைநாட்டுப் புல்வெளி ஒன்று. முதியவர் ஒருவர் தரையில் படுத்துப் பழங்காலத்து நீண்ட துப்பாக்கியைத் தோளில் சேர்த்துக் குறிபார்க்கிறார். விசையை அழுத்துகிறார். வெண்புகை மேகம்போல் எழுந்து அவரையே மறைத்துவிடுகிறது. நெடுநேரம் கழிந்ததுபோல் தோன்றிய பிறகு, 1000 கெஜத்துக்கு அப்பாலிருந்து, குண்டு இலக்கில் பட்ட ஓசை மெல்லக் கேட்கிறது.

"எத்தனை பொறுமை, எத்தனை துல்லியம் பாருங்கள், மாமா! எனக்கும் இதைக் கற்க வேண்டும் என்று ஆசை. யாருக்கும் தீங்கில்லாத விளையாட்டுத்தானே? என் நிய்யத்தில் களங்கம் இல்லை. இதில் என்ன தவறு இருக்க முடியும்?" என்று கேட்டார்.

தவறு என்று சொல்ல நம் நாவு எழவில்லை. சரி என்று சொல்லவும் மனம் துணியவில்லை. அன்று அவருக்கு அரைகுறையாய்ச் சொன்னதை ஆற அமரச் சிந்தித்து, வாசகர்முன் இங்கே வைக்கிறோம். மார்க்கத் தீர்ப்பு வழங்குவது ஆலிம்களின் பணி. நாம் செய்ய முனைவது, ஒரு விளையாட்டை முன்னிட்டு ஒரு கேள்வியை எழுப்புவது மட்டுமே: மனிதன் தன் செயலுக்கு எவ்வளவு தொலைவு வரை பொறுப்பாளி?

அவ்விளையாட்டின் இயல்பை முதலில் நேர்மையாக எடுத்துரைப்போம். ஒன்றை அறியாமலே குறைகூறுவது நமக்கு அழகன்று.

அதற்குப் பயன்படுவது கருமருந்து. 100 பங்கில் 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம் என்பது நெடுங்காலமாக வழங்கும் அளவு. வெடியுப்பு, எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவைத் தன்னுள்ளேயே சுமந்து நிற்கிறது, கரி எரிகிறது, கந்தகம் எளிதில் தீப்பற்றத் துணைசெய்கிறது. எரிந்த பின்னும் அதில் பாதிக்கு மேற்பட்ட பகுதி திடப்பொருளாகவே எஞ்சிவிடும். அந்தப் புகைக்கும், குழலுக்குள் படியும் கரிக்கும் அதுவே காரணம். 1880களில் புகையில்லா மருந்து கண்டுபிடிக்கப்பட்டபின் உலகத்துப் படைகள் யாவும் இதைக் கைவிட்டன. ஆனால் பழமையில் பற்றுடைய சிலர் இதை விட்டுவிடவில்லை. மருந்தை அளந்து குழல்வாயில் இட்டு, அதன்மேல் ஈயக் குண்டை வைத்து, நீண்ட கம்பியால் கெட்டித்து, கேப்பு பொருத்தி, ஒரே ஒரு முறை சுடுவார்கள். பிறகு குழலைத் துடைத்து மீண்டும் முதலிலிருந்து தொடங்குவார்கள். இத்தகைய துப்பாக்கிகளுக்கான சர்வதேசக் குழு ஒன்று 1971 முதல் இயங்கி வருகிறது. உலகப் போட்டிகளும் நடைபெறுகின்றன.

இதில் அவசரத்துக்கு இடமே இல்லை. மருந்தின் அளவு சற்றே மாறினாலும், காற்றின் போக்கைச் சற்றே தவறாகக் கணித்தாலும் குண்டு வேறிடத்தில் போய் விழும். ஆகவே பொறுமை, அடக்கம், கணக்கு, தன் பிழையைத் தானே ஒப்புக்கொள்ளும் பண்பு ஆகிய நல்லியல்புகளை இவ்விளையாட்டு வளர்க்கிறது என்பதை நாம் மறுக்கவில்லை.

ஆயினும், நம்மைச் சிந்தனையில் ஆழ்த்துவது அந்த இடைவேளைதான். அத்தகைய குண்டு 1000 கெஜத்தைக் கடக்க ஏறத்தாழ 3 விநாடி ஆகிறது. விசையை அழுத்தியாயிற்று, குண்டு கையை விட்டுப் போயிற்று, ஆனால் இன்னும் சேரவேண்டிய இடத்தைச் சேரவில்லை. சுட்டவரின் கண்ணைப் புகை மறைத்து நிற்கிறது. அந்த 3 விநாடியும் அவர் செயல் அவருடையதா, இல்லையா? திரும்ப அழைக்க முடியாது. திசை மாற்ற முடியாது. ஆனால் விளைவு மட்டும் அவர் பெயரிலேயே எழுதப்படும்.

1874ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அமெரிக்காவில் கிரீட்மூர் என்னும் திடலில், அயர்லாந்து நாட்டவருக்கும் அமெரிக்கருக்கும் புகழ்பெற்ற போட்டி ஒன்று நடந்தது. 800, 900, 1000 கெஜம் என மூன்று தொலைவுகளில் அணிக்கு 6 பேர் சுட்டனர். அயர்லாந்தினர் கையில் இருந்தவை குழல்வாயில் கெட்டிக்கும் பழைய முறைத் துப்பாக்கிகள்; அமெரிக்கர் கையில் இருந்தவை பின்புறம் திறந்து மருந்திடும் புதுமுறைத் துப்பாக்கிகள். முடிவில் அமெரிக்கர் 934, அயர்லாந்தினர் 931. மூன்றே புள்ளிகள் வேறுபாடு!

இப்போட்டியில் ஒரு நிகழ்ச்சி. அயர்லாந்து அணியின் மில்னர் என்பவர் சுட்ட குண்டு ஒன்று இலக்கின் நட்ட நடுவே பாய்ந்தது. நடுப்புள்ளிக்கு 4 மதிப்பெண். ஆனால் அவருக்குக் கிடைத்தது சுழியம். ஏனெனில் அவர் சுட்டது தமக்குரிய இலக்கை அன்று, பக்கத்து இலக்கை! கை நடுங்கவில்லை, கண் மங்கவில்லை, கணக்கும் பிசகவில்லை. குறி இம்மியும் தப்பவில்லை. ஆனால் குறியே வேறாகிவிட்டது. அந்த 4 மதிப்பெண் சேர்ந்திருந்தால் வெற்றி அவர் அணியினுடையதே.

மில்னருக்குப் போனது ஒரு வெற்றிக்கோப்பை. அந்த அளவில் அது நகைப்புக்குரிய கதை. ஆனால் அடுத்த இலக்கிருந்த இடத்தில் ஒரு மனிதன் நின்றிருந்தால்? அப்போதும் கைத்திறன் அதே கைத்திறன்தான். மனத்தில் இருந்த எண்ணமும் அதே தூய எண்ணந்தான். திறமையும் நல்லெண்ணமும் சேர்ந்தே ஓர் அநியாயத்தைச் செய்து முடித்துவிட முடியும் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

நாம் அமர்ந்திருந்த மதிலுக்கு இந்தக் கருமருந்து புதியதன்று. சிரியாவில் வாழ்ந்த ஹஸன் அர்-ரம்மாஹ் என்னும் முஸ்லிம் அறிஞர், 13ஆம் நூற்றாண்டிலேயே வெடியுப்பை மரச்சாம்பல் கொண்டு தூய்மைப்படுத்தும் முறையை எழுதிவைத்தார். அந்த உப்பைச் சீனத்துப் பனி என்று அரபுகள் அழைத்தனர். சீனம் கண்டறிந்த பொருள் அரபு நாடுகளைத் தொட்டு உலகெங்கும் பரவியது. நம் பகுதியில் அது மைசூர் ராக்கெட்டாக உருவெடுத்தது. இரும்புக் குழாயில் மருந்தை அடைத்து, நீண்ட மூங்கிலில் கட்டி ஏவிய அந்த ராக்கெட்டுகள் 1000 கெஜம் அளவுக்குப் பாய்ந்தன. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கம்பெனிப் படையின் மருந்து வண்டிகள் வெடித்துச் சிதறியதும், அப்படை அழிந்ததும் வரலாறு. 2018இல் கர்நாடகத்து ஷிமோகா மாவட்டத்தில் பாழடைந்த கிணறு ஒன்றைத் தூர்வாரியபோது, 1000க்கு மேற்பட்ட பழைய ராக்கெட்டுகள் சேற்றிலிருந்து வெளிப்பட்டன.

1791 நவம்பரில் மேக்ஸ்வெல் என்னும் தளபதியின் படை இக் கிருஷ்ணகிரிக் கோட்டையைத் தாக்கிற்று. கீழ்க்கோட்டைக்குள் புகுந்தவர்களால் மேற்கோட்டையைக் கைப்பற்ற இயலவில்லை. ஆனால் மறு ஆண்டு, 1792இல் ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை, போரில் பிடிபடாத இம்மலையைப் பாரா மகாலோடு சேர்த்துக் காகிதத்திலேயே கம்பெனிக்குக் கொடுத்துவிட்டது. ஓசூர் 1799 வரை திப்புவிடமே இருந்தது. அன்று முதலே இது எல்லைப்புறந்தான்.

இன்று மேலைநாட்டுப் பழமை விரும்பிகள் ஆசையோடு தேடி வாங்கும் துப்பாக்கிகளுள் ஒன்று 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு. அதன் பெயரைக் கேட்டதும் நமக்கு நினைவுக்கு வருவது வேறு. பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் பூசப்பட்டதாகப் பேசப்பட்ட தோட்டாவைப் பல்லால் கடிக்க வேண்டியிருந்தது அத் துப்பாக்கிக்காகத்தான். 1857 ஏப்ரல் 24ஆம் நாள் மீரட்டில் அணிவகுத்து நின்ற 90 குதிரைவீரர்களில் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தனர். இந்துவும் முஸ்லிமும் தோளோடு தோள் நின்று மறுத்தனர். ஒன்றாகவே விலங்கு பூண்டனர். அதைத் தொடர்ந்து மூண்ட எழுச்சியின் நினைவு ஆறாத ஆட்சி, 1878இல் ஆயுதச் சட்டம் கொண்டுவந்து இந்தியரின் கையிலிருந்து ஆயுதத்தைப் பறித்தது. ஒருவருக்கு இனிய பொழுதுபோக்காய் இருக்கும் பொருள், மற்றொருவருக்கு முன்னோரின் கைவிலங்கை நினைவூட்டுவதாய் இருக்கிறது.

பழங்கதையை விட்டு இன்றைக்கு வருவோம். மலையுச்சியிலிருந்து மேற்கே நோக்கினால் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, உரிகம், ஜவளகிரி எனக் காடும் குன்றுமாய் நிலம் காவிரி வரை செல்கிறது. 2014இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமும், 2022இல் காவிரி தெற்குச் சரணாலயமும் அறிவிக்கப்பட்ட பகுதி அது. கேழ்வரகு முற்றும் பருவத்தில் கர்நாடகக் காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் எல்லை தாண்டி வரும். காட்டுப்பன்றிகளோ ஆண்டு முழுவதும் வரும். ஓர் இரவில் ஓர் ஆண்டின் உழைப்பு மண்ணோடு மண்ணாகும்.

அங்குள்ள சில வீடுகளில், கூரைக்குள் செருகிவைத்த ஒரு நாட்டுத் துப்பாக்கி இருந்துவந்தது. மேலைநாட்டு முதியவரின் கையிலிருந்ததும் இதுவும் அடிப்படையில் ஒரே கருவிதான்: அதே கருமருந்து, அதே கெட்டிப்பு, அதே ஒற்றைக் குண்டு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமே தன் 13ஆம் பிரிவில், பயிர்க் காவலுக்கென உண்மையாகவே வேண்டுவோர்க்கு இத்தகைய துப்பாக்கிக்கு உரிமம் தரலாம் என்று இடம் வைத்திருக்கிறது. ஆயினும் உரிமம் பெற்றோர் சிலர். பெறாமல் வைத்திருந்தோர் பலர். அவர்களுள் வயிற்றுக்காக வைத்திருந்தவரும் உண்டு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை மீறி இறைச்சிக்கும் காசுக்கும் வேட்டையாடியவரும் உண்டு. உரிமம் இல்லாதவற்றைத் தாமாக ஒப்படையுங்கள் என்று அதிகாரிகள் ஊர்தோறும் அறிவிப்பதையும், மக்கள் கொண்டுவந்து கொடுப்பதையும் செய்தித்தாள்களில் காண்கிறோம். 2025 ஜனவரியில் தமிழக அரசு, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரழிக்கும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்று முடிவெடுத்தது.

இங்கே நம் மனம் ஒரு கணம் தயங்குகிறது. ஒரே கருவி, வசதி படைத்தவன் கையில் கலை என்று பெயர் பெறுகிறது. வறியவன் கையில் வழக்கு என்று பெயர் பெறுகிறது. ஆகவே, ஏழை உழவனின் துப்பாக்கியைக் கண்டு முகம் சுளித்துவிட்டு, சீமானின் துப்பாக்கியைக் கண்டு வியப்பது நீதியாகாது. அதேபோல், ஏழை என்பதாலேயே அவன் சுடும் குண்டு நேராகப் போய்விடும் என்றும் சொல்லிவிட முடியாது. இருட்டில் அசைவது பன்றி என்றெண்ணிச் சுட, விழுந்தது மனிதன் என்ற செய்திகள் மலையோர ஊர்களிலிருந்து அவ்வப்போது வந்துகொண்டேயிருக்கின்றன. நியாயம் சுடுபவனின் நிலையை மட்டும் பார்ப்பதில்லை. குண்டு போய்ச் சேர்ந்த இடத்தையும் பார்க்கிறது.

நம் மார்க்கம் இதை எவ்வாறு நோக்குகிறது? குறிபார்த்து எய்வதை இஸ்லாம் வெறுக்கவில்லை, ஊக்கியே இருக்கிறது. அஸ்லம் கூட்டத்தார் அம்பெய்து போட்டியிட்டுக்கொண்டிருந்த வழியே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சென்றார்கள். எய்யுங்கள் என்று ஊக்கி, தாம் ஒரு பிரிவினருடன் இருப்பதாகக் கூறினார்கள். உடனே எதிர்ப் பிரிவினர் கைகளை நிறுத்திக்கொண்டனர். நாயகம் உள்ள அணிக்கெதிராக அவர்கள் எப்படி எய்வார்கள்? அப்போது பெருமானார் அவர்கள், தாம் எல்லோருடனும் இருப்பதாகக் கூறி மீண்டும் எய்யச் சொன்னார்கள். விளையாட்டின் மகிழ்ச்சியையும், அதில் எவர் மனமும் புண்படக்கூடாது என்னும் அருளையும் ஒருங்கே காட்டும் நிகழ்ச்சி இது.

ஆனால் மற்றொரு பக்கமும் உண்டு. இப்னு உமர் (ரலி) அவர்கள் ஒரு நாள், குறைஷி இளைஞர் சிலர் பறவை ஒன்றைக் கட்டிவைத்து அம்பெய்து பழகுவதைக் கண்டார்கள். குறி தப்பும் அம்பெல்லாம் பறவையின் சொந்தக்காரனுக்கு என்று ஒப்பந்தமும் செய்திருந்தார்கள். அதாவது வாணிபக் கணக்கில் எவருக்கும் நட்டமில்லை! இப்னு உமரைக் கண்டதும் அவர்கள் சிதறி ஓடினர். உயிருள்ள ஒன்றை இலக்காக்குவோரை நாயகம் அவர்கள் சபித்திருக்கிறார்கள் என்று அவர்கள் எடுத்துரைத்தார்கள். உடையவனுக்கு ஈடு கொடுத்துவிட்டால் போதும் என்று அந்த இளைஞர்கள் எண்ணினர். பறவையைக் கேட்டார் யார்?

அதனினும் நுட்பமானது, அப்துல்லாஹ் இப்னு முஃகஃப்பல் (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி. விரல்களுக்கிடையே சிறு கல்லை வைத்துச் சுண்டி எறிவதை நாயகம் அவர்கள் தடுத்தார்கள். அதனால் வேட்டை கிட்டாது, பகைவனும் வீழான், ஆனால் ஒருவரின் பல் உடையக்கூடும், கண் போகக்கூடும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். வாசகர்கள் இதை ஊன்றி நோக்க வேண்டும். கல்லைச் சுண்டுகிறவனுக்குத் தீய எண்ணம் ஏதும் இல்லை. அவன் விளையாடுகிறான். அவனுடைய நிய்யத்தைப் பற்றி இங்கே பேச்சே எழவில்லை. கல் எங்கே போய் விழும் என்பதே பேச்சு.

செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை என்பதை நம் பிள்ளைகளும் அறிவர். அதை நாம் சில வேளைகளில் ஒரு கேடயமாக்கிக்கொள்கிறோம். என் எண்ணம் நல்லது, ஆகவே என் செயலில் குற்றமில்லை என்கிறோம். மார்க்கச் சட்டமோ அவ்வளவு எளிதில் நம்மை விட்டுவிடுவதில்லை. தவறுதலாய் நேர்ந்த கொலைக்குச் சட்ட நூலார் காட்டும் எடுத்துக்காட்டு எது தெரியுமா? வேட்டைப் பிராணியைக் குறிவைத்து ஒருவன் எய்ய, அது மனிதன்மேல் பட்டுவிடுவது! அவனைக் கொலைகாரன் என்று சட்டம் சொல்லவில்லை. பழிக்குப் பழி இல்லை. ஆனால், போய்விட்டு வா என்று அனுப்பிவிடவும் இல்லை. மாண்டவனின் குடும்பத்தார் மன்னித்தாலொழிய அவர்களுக்கு இழப்பீடு சேரவேண்டும்; பரிகாரமாக ஓர் அடிமையை விடுவிக்க வேண்டும்; இயலாதவன் தொடர்ந்து இரு மாதம் நோன்பு நோற்க வேண்டும். இரு மாத நோன்பு என்பது சிறிதா? ஒவ்வொரு நாளும் பசி வந்து அவனுக்கு அந்தக் கணத்தை நினைவூட்டும். நாடாமல் நடந்துவிட்டாலும் நடத்தியது உன் கை என்று அந்தப் பசி சொல்லும்.

எண்ணம் செயலின் தொடக்கத்தைத் தூய்மைப்படுத்துகிறது; அதன் முடிவுக்கும் நாமே பிணை. கண் எட்டாத தொலைவுக்குத் தன் செயலை அனுப்பும் ஆற்றலை விரும்புகிறவன், அந்தத் தொலைவு முழுமைக்கும் பொறுப்பை ஏற்கவேண்டும். தொலைவின் இன்பம் வேண்டும், தொலைவின் பொறுப்பு வேண்டாம் என்பது நேர்மையற்ற வாணிபம்.

"அப்படியானால் மனிதன் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கத்தான் வேண்டுமா?" என்று இளைஞர் கேட்டார். நல்ல கேள்வி. அதற்கான விடை அவர் காட்டிய காட்சியிலேயே இருந்தது. நாமிருவருமே அதைக் கவனிக்கத் தவறியிருந்தோம். மீண்டும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொன்னோம். இலக்குப் பலகைக்குப் பின்னால் பெரியதொரு மண்மேடு! இலக்கைத் தாண்டியோ விலகியோ செல்லும் குண்டைத் தன்னுள் வாங்கிக்கொள்வதற்காக, சுடத் தொடங்குமுன்னரே எழுப்பப்பட்ட மேடு. ஓரத்தில், எவரும் அப்பக்கம் போகக்கூடாது என்பதற்கு அடையாளமாய்ச் சிவப்புக் கொடி. குறி தப்பாது என்று அந்த முதியவர் நம்பியிருக்கலாம். ஆயினும் தப்பக்கூடும் என்று ஒப்புக்கொண்டு மண்ணைக் குவித்திருக்கிறார்கள். அந்த விளையாட்டின் அறம் துப்பாக்கியில் இல்லை. எவரும் பாராட்டாத அந்த மண்மேட்டில் இருக்கிறது.

நம் அண்டையிலுள்ள குடகு நாட்டில், செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் ஆயுதங்களைப் போற்றும் திருநாளன்று, உயர்ந்த மரத்தில் தேங்காயைக் கட்டிக் குறிபார்த்துச் சுடும் போட்டி நடைபெறுகிறது. கொடவர்களுக்கும் ஜம்மா நிலம் உடையோருக்கும் துப்பாக்கி உரிமத்திலிருந்து ஆங்கிலேயர் காலந்தொட்டு விலக்கு உண்டு. 2019இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்திருக்கிறது. வீழ்வது தேங்காய், துடிப்பதற்கு உயிரில்லை. ஆனால் அத் தேங்காய்க்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பார்க்கும் கடமை அங்கும் உண்டு.

மண்மேடு எழுப்பாத செயல்களையும் நம் எல்லைப்புறத்தில் காண்கிறோம். பன்றிக்கென்று பழத்தினுள் வெடிமருந்தைப் பொதிந்து வைக்கும் அவுட்டுக்காய் அவற்றுள் ஒன்று. வைப்பவன் வீட்டுக்குப் போய் உறங்குகிறான். எந்த வாய் அதைக் கடிக்கும் என்பது அவனுக்குத் தெரியாது. 2020 மே மாதத்தில் கேரளத்தில் கருவுற்ற யானை ஒன்று அப்படி வாய் சிதைந்து, ஆற்றுநீரில் நின்றபடியே உயிர்விட்டதை உலகமே கண்டு வருந்தியது. துப்பாக்கிக்கு 3 விநாடி இடைவெளி என்றால், அவுட்டுக்காய்க்கு ஓர் இரவு, சில வேளை பல நாள். இடைவெளி நீள நீள, இது என் செயல் என்ற உணர்வு தேய்ந்துகொண்டே போகிறது.

2023 அக்டோபர் 7ஆம் நாள், ஓசூரை அடுத்துக் கர்நாடக எல்லைக்குள் இருக்கும் அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடையும் கிடங்கும் தீப்பற்றி, 14க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தருமபுரி முதலிய தமிழக மாவட்டங்களிலிருந்து பண்டிகைக்கால வேலைக்கு வந்திருந்த இளைஞர்கள் அவர்களுள் பலர். அதற்குச் சில வாரங்களுக்கு முன், ஜூலை 29ஆம் நாள், இதே கிருஷ்ணகிரியின் பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து உயிர்கள் பலியாயின. வெடியுப்பும் கரியும் கந்தகமும் கோட்டையைக் காக்கவோ தகர்க்கவோ வந்த காலம் போய்விட்டது. நம் குழந்தைகளின் கைகொட்டுச் சிரிப்புக்காகவும் திருமண ஊர்வலத்தின் ஆரவாரத்துக்காகவும் அவை இன்று அடுக்கிவைக்கப்படுகின்றன. வெடி வெடிக்கும் கை ஒன்று; அடுக்கிவைத்த கை வேறு. நம் வீட்டு மகிழ்ச்சி எங்கிருந்து புறப்பட்டு எவரைக் கடந்து வருகிறது என்று கேட்பதும் ஒரு மண்மேடுதான்.

ஓசூரின் பட்டறைகளில் நம் பிள்ளைகள் இரும்பை இம்மி பிசகாமல் கடைகிறார்கள். குறி தப்பாமையில் அவர்களை விஞ்சுவோர் அரியர். ஆனால் கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை ஆறு வெண்ணுரை பொங்கி வருவதை அவர்களே அன்றாடம் பார்க்கிறார்கள். மேலே நகரங்களும் ஆலைகளும் விட்ட கழிவு எல்லை தாண்டி வந்து, கீழே உள்ள உழவனின் வாய்க்காலில் சேர்கிறது. அங்கும் எவருக்கும் தீய நிய்யத் இருந்திருக்காது. ஒவ்வொருவரும் தத்தம் இலக்கைச் சரியாக எய்தியிருப்பார்கள். இலக்குக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கத்தான் ஆளில்லை.

கதிரவன் சாயத் தொடங்கியபோது இளைஞரிடம் இவ்வளவே சொன்னோம்: "தம்பி, உன் ஆசை பாவம் என்று நான் சொல்லமாட்டேன். சட்டம் வகுத்த வழியில், உரிமம் பெற்று, முறையான திடலில், ஆசான் ஒருவரிடம் கற்க வாய்த்தால் கற்றுக்கொள். ஊரில் கள்ளத்தனமாய்க் கிடைக்கும் துப்பாக்கியைத் தொடாதே. உயிருள்ள எதையும் இலக்காக்காதே. குறிபார்ப்பதற்கு முன்னால் குறிக்குப் பின்னால் பார். அப்படிப் பார்க்கப் பழகிய கண், துப்பாக்கி இல்லாத இடத்திலும் உனக்கு உதவும்."

அவர் ஏதும் பேசவில்லை. எழுந்து போய் மதிலின் இடுக்கு வழியே கீழே பார்த்தார். முன்னாளில் துப்பாக்கிக் குழலை நீட்டுவதற்கென்றே விடப்பட்ட இடுக்கு அது. அதனூடே, பெங்களூரை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் வண்டிகளின் விளக்குகள் ஒவ்வொன்றாய் ஏற்றப்படுவது தெரிந்தது. ஊருக்குள்ளிருந்து மஃரிபு பாங்கொலி எழுந்து மலைமேல் வந்தது. நாங்கள் இறங்கத் தொடங்கினோம். வழியில் பாறையின் விளிம்பில் கிடந்த ஒரு கூழாங்கல் அவர் காலில் தட்டுப்பட்டது. இளமைக்கே உரிய பழக்கத்தால் அதை உதைத்துத் தள்ளக் காலை ஓங்கியவர், கீழே ஊர் இருப்பதை நினைத்தார்போலும். குனிந்து எடுத்து, பாறையின் உட்புறமாக வைத்துவிட்டு நடந்தார்.